மல்லிகா வரைந்த கதிர்கள்

மகள் சீவிய பென்சிலின் மணம் பட்டதும், செஞ்சியில் ராஜகிரி மலையடியில் இருந்து, இன்று தரைமட்டமாகிவிட்ட டியூஷன் கொட்டகை நினைவுக்கு வந்தது. தகரக் கூரைமேல் குரங்குகள் தடதடவென்று ஓட, நாங்கள் கீழே உட்கார்ந்து லென்ஸ் வரைந்து, அதில் புகும் கதிர்களை ஸ்கேல் வைத்து நீட்டி, அவை சந்திக்கும் இடத்தில் பிம்பத்தைக் குறிப்போம். பக்கத்தில் உட்காரும் என் தோழி மல்லிகா, வாரத்துக்கு வாரம் தாளை முகத்துக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனாள்.

"நிமிந்து உக்காருடி" என்று டியூஷன் அக்கா அவள் முதுகில் தட்டுவார்.

ஒருநாள் மல்லிகாவின் கதிர்கள் லென்ஸைத் தொடாமலே தாளைத் தாண்டிப் பலகைமேல் ஓடின. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னாடி, அதுக்குள்ள இருட்டிடுச்சா?" என்றாள்.

மதிய வெயில் அவள் தாள்மேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.