கிச்சாப்பு ஊற்றிய முட்டை

மகனுக்கு இரண்டு வயது. எடை கொஞ்சம் குறைவு என்று கிளினிக்கில் தாதி சொன்னதிலிருந்து தினமும் ஒரு முட்டையோடு அவன் பின்னால் அலைகிறேன். பொரித்தேன், அவித்தேன், தோசையில் ஊற்றினேன். எல்லாவற்றையும் துப்பினான். என் கைப்பக்குவம்தான் சரியில்லையோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இன்று காலை அவன் தள்ளிவிட்ட அவித்த முட்டையை நானே தின்ன உட்கார்ந்தேன். அதன்மேல் கிச்சாப்பு என்னும் கறுப்புச் சோயாச் சாற்றை ஊற்றி மிளகுத்தூள் தூவியபோது எழுந்த வாசம் நான் வளர்ந்த பீடோர் ரப்பர் தோட்டத்து வீட்டினுடையது.

பால்மரம் வெட்டிவிட்டு வரும் அப்பா, சுடுதண்ணீர் ஊற்றிய மங்குக் கிண்ணத்தில் இரண்டு முட்டைகளைப் போட்டு மூடிவிட்டுக் குளிக்கப் போவார். குழாயடியில் பேச்சு நீளும். அரைவேக்காடாக எடுக்க வேண்டியது கெட்டியாகிவிடும். முணுமுணுத்துக்கொண்டே கிச்சாப்பு ஊற்றித் தின்பார். அம்மா ஊட்ட வந்தால் ஓடும் நான், அவர் தட்டில் கை வைப்பேன்.

"நான் குடுத்தா துப்புறா. உங்க தட்டுல இருந்தா மட்டும் இனிக்குதா?"

"அவளப் பாக்காதலா. பாத்தா நிறுத்திருவா."

இப்போது என் முழங்கையில் ஒரு சின்னக் கை பட்டது. நான் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே சிலிபின் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தபோது முட்டை இல்லை. மிச்சமிருந்த கிச்சாப்பை ரொட்டியில் தொட்டுத் தின்றேன். பல நாளுக்குப் பிறகு பசித்தது.