கல் விளக்கைத் துடைத்த நாள்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நகைப் பட்டறையில் இருந்த காலத்தில் என் கையாலேயே நான் கெடுத்த சாமான் ஒன்றுதான். ஒரு ஜப்பான் வெள்ளிக்காசு.

கொண்டுவந்தவர் கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் இருந்து வந்த மேரி அக்கா. ஒரு ஜப்பான் மதாம் வீட்டில் நெடுங்காலம் வேலை செய்தவர். வேலையை விட்டபோது மதாம் கொடுத்த நினைவுக்காசு அது; அதே போல இன்னொன்று மதாமிடமும் இருந்தது.

"அண்ணை, சுத்திவரப் பிரேம் போட்டு, சங்கிலியிலை கொழுவ ஏத்த மாதிரித் தாங்கோ. ஞாயிற்றுக்கிழமை மதாம் சாப்பிட வாறா. போட்டுக்கொண்டுதான் கதவு திறப்பன்."

காசில் ஒரு தோட்டம். குளம், பைன் மரம், கரையில் கல் விளக்கு. குளம் கண்ணாடி போல மின்னியது. மரமும் விளக்கும் மட்டும் வெளிறி மங்கலாக இருந்தன. வெள்ளியை மங்கலாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் தொழிலில் அவமானம். கேட்காமலே மினுக்கிக் கொடுப்போம். நானும் காசு இருந்த பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து, துணியை வைத்து விளக்கைத் தேய்த்தேன். பளபளத்தது. மரத்துக்குப் போகுமுன் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஐசே, உமக்கென்ன விசரே? அது ஊத்தையில்லை. படம் எடுப்பாத் தெரிய வேணுமெண்டே மங்கலா அடிக்கிறவங்கள். இனித் திரும்பி வராது!"

துணியைக் கீழே வைத்தேன்.

"சரி, சொல்லாதையும். ஆருக்கு விளங்கப்போகுது?" என்றார் முதலாளி.

சனிக்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். பிள்ளையாரே, அந்த மனிசி என்னைத் திட்டட்டும், மதாமுக்கு முன்னால் அவரைத் தலைகுனிய விடாதே என்று கும்பிட்டேன். அன்று பட்டறைக்கு அக்கா வந்ததும், பிரேமைக் கையில் கொடுக்குமுன் நடந்ததைச் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"விளக்கைக் கொளுத்திப்போட்டீங்கள் அண்ணை!"

சங்கிலியில் கொழுவி அவர் கையில் கொடுத்தேன்.

"சொன்னது நல்லதாப் போச்சு. மதாம் கேக்கேக்கை நான் முழிச்சிருந்தா, காசை மாத்திப்போட்டன் எண்டெல்லோ நினைச்சிருப்பா."

ஞாயிறு பின்னேரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "எல்லாம் சொன்னனான், அண்ணை. மதாமும் சிரிச்சவா. தன்ரை காசு பெட்டிக்கை கிடக்குதாம், என்ரை காசாவது வெளிச்சம் பாக்கட்டுமாம்."

சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, சாமானை வாங்கும்போதே மினுக்கவா, அப்படியே விடவா என்று கேளுங்கள். தவறு நடந்தால், அவர்கள் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். அன்று எனக்குத் திட்டு விழவில்லை. விழுந்திருந்தாலும் சோறு இறங்கியிருக்கும்.