இரண்டாவது துவக்கு

கந்தப்பளையில் இராயப்பனைத் தெரியாது என்று சொல்பவன் நேற்று ஊருக்கு வந்தவனாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து மூட்டை சுமந்து, குத்தகை நிலத்தில் லீக்ஸ் போட்டு, இன்றைக்கு இரண்டு லொறிக்குச் சொந்தக்காரர். படித்தவன் எவனாவது செய்து காட்டட்டும், பார்க்கலாம்!

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் போன மாதத்திலிருந்து சோறு இறங்கவில்லை. பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர் கணேசமூர்த்திக்குக் காட்டுப்பன்றியைச் சுட்டு விரட்ட அரசாங்கம் துவக்கு கொடுத்துவிட்டது.

இது ஐம்பத்தைந்து வருடத்துக் காய்ச்சல். கணேசமூர்த்தியின் அப்பா கண்டாக்கு, மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். மகனுக்கு நுவரெலியா சீசன் கடையில் தகரத் துவக்கு வாங்கிக் கொடுத்தார். பொட்டு வெடி வைத்துச் சுட்டால் சத்தமும் வரும், புகையும் வரும். இராயப்பனிடம் இருந்தது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையில் தானே செதுக்கியது. சத்தத்தை வாயால்தான் போட வேண்டும். லயத்துப் பிள்ளைகளின் சட்டப்படி, வெடிக்காத துவக்கு வைத்திருப்பவன் சாக வேண்டும். இராயப்பன் தினமும் செத்தார். தண்ணீர் ஓடும் கானில் விழுந்து, மற்றவர்கள் நூறு எண்ணும்வரை சேற்றில் கிடப்பார். துவக்கு எவன் கையிலோ அவன் பேச்சுதான் பேச்சு என்பது அங்கே கிடந்து படித்தது. வகுப்பில் படித்ததெல்லாம் போய்விட்டது, இது மட்டும் போகவில்லை.

இப்போது கணேசமூர்த்தி தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால், "பன்னிக்காரரு வந்துட்டாரு" என்று கேலி பேசிக்கொண்டே ஆட்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள். இரண்டு லொறிக்கு எவனும் இதுவரை நகர்ந்ததில்லை.

இராயப்பனும் துவக்குக்கு விண்ணப்பம் போட்டார். விசாரிக்க வந்த கிராம சேவகர் தனுஷிகா மகள் வயதுப் பெண். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பன்னி எந்தப் பக்கமா வருதுங்க ஐயா?"

"என் தோட்டத்துக்கா? எலி வராது மிஸ்! இந்தத் தகர வேலி நானே அடிச்சது. எஞ்சினியர் வந்தாலும் இப்பிடி அடிக்க மாட்டான்."

தனுஷிகா சிரித்துவிட்டார். "அப்ப ஒங்களுக்கு எதுக்குங்க துவக்கு?"

சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே இராயப்பன் காட்டுப் பக்கத்து வேலியில் இரண்டு தகரத்தைக் கழற்றினார். மனைவி மார்கிரட் ஓடி வந்தார்.

"ஏங்க, பன்னிய வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடுறீங்களா?"

"நீ சும்மா கெட. எல்லாம் யோசிச்சுத்தான் செய்றேன்."

விடியும்போது ஏழு பன்றிகள் லீக்ஸ் பாத்தியை உழுதுகொண்டிருந்தன. இராயப்பன் தகரத்தைத் தட்டிக் கத்தினார். ஆறு பன்றிகள் தலையே தூக்கவில்லை. ஏழாவது அவரை நோக்கி வந்தது. தண்ணீர்த் தாங்கி மேல் ஏறிக்கொண்டார். மார்கிரட் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கணேசமூர்த்திக்குப் போன் போட்டார். அவர் துவக்கோடு வந்தார். வானத்தைப் பார்த்து ஒரே வெடி. பன்றிகள் வந்த வழியே ஓடின.

"என்னடா இராயப்பா, டேங்கி மேல ஏறி ஜெபமா?"

"பைப்பு பாக்க ஏறுனேன்டா."

"பன்னிய காவலுக்கு வச்சுக்கிட்டா?"

மார்கிரட் கணேசமூர்த்திக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தார், பாதர் வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கோப்பையில். இராயப்பனுக்கு இரண்டு லொறியும் பள்ளத்தில் உருண்ட மாதிரி இருந்தது.

இராயப்பன் கூப்பிட்டதும் பத்து மணிக்கு தனுஷிகா மறுபடி வந்தார். மிதிபட்ட லீக்ஸை இராயப்பன் ஆசையாகக் காட்டினார்.

"அப்பறம் எப்பிடிங்க ஓடுச்சு?"

மார்கிரட் முந்திக்கொண்டார். "கணேசமூர்த்தி அண்ணன் ஒரு வெடி வச்சாரு, அம்புட்டுதான்."

"அப்ப ரெண்டு தோட்டத்துக்கும் அவரு துவக்கே போதுமே" என்றபடி தனுஷிகா எழுதினார். கூப்பிட்டதும் கணேசமூர்த்தி வந்து சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். "ஐயாவும் கீழ போடுங்க" என்று தனுஷிகா தாளை இராயப்பனிடம் நீட்டினார்.

இராயப்பன் வாயைத் திறக்கப் போனார். கழற்றிக் கிடந்த தகரத்தை மார்கிரட் ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினார், மேலே இருந்த கையெழுத்தைப் போல இரண்டு மடங்கு பெரிதாக.

"கோட்டத் தாண்டிப் போகுதுங்க ஐயா."

"போகட்டும் மிஸ்" என்றார் இராயப்பன், பேனாவை நிறுத்தாமல்.