பைகளுக்குக் காவல்

நாற்பது டிபன் பாக்ஸ்களின் வாசனை, ஆளில்லாத வகுப்பறையில் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் தயிர் புளித்த மணமும், அவற்றோடு துணிப்பைகளின் வியர்வை நெடியும் சேர்ந்து, பதினொரு மணி வெயிலுக்கு மெல்ல மெல்ல ஏறிவரும். கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பையில் மாவடு இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆறாம் வகுப்பில் அந்தப் பைகளுக்கு நான்தான் காவல்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கொள்ளிடம் பத்து நிமிட நடை. அறிவியல் வாத்தியார் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பையே திரட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். எங்களிடையே அதற்கு "ஆத்துப் பாடம்" என்று பெயர். நாணலைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது, மணலைக் கையால் தோண்டி ஊற்று வரவைப்பது, நாரை எத்தனை நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று எண்ணுவது என்று வேறு எந்த வாத்தியாரும் செய்யாததையெல்லாம் செய்தவர். நல்ல மனிதர். அதுதான் என் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப் போயிற்று. இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு "டக் டக்" என்று நடப்பேன். முதல் ஆத்துப் பாடத்தன்று நானும் வரிசையில் போய் நின்றேன். வாத்தியார் என் தலையைத் தடவி, "உனக்கு எதுக்கும்மா சிரமம்? மணல்ல இரும்பு புதைஞ்சுடும். நீ இங்கயே இருந்து பையெல்லாம் பாத்துக்கோ," என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னதும் வரிசையை விட்டு விலகி வந்து பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து, சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கரைவரை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார்; ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று வாத்தியார் கேட்டதும் திரும்பிவிட்டார். "வாத்தியார் நல்லதுக்குத்தான் சொல்லுவார்" என்பது அவருடைய வேதவாக்கு. அந்த வாக்கின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அரையாண்டுப் பரீட்சையில், ஆற்றங்கரையில் நீ கண்டவற்றை எழுதுக என்று ஒரு கேள்வி வந்தது. நாணலையும் நாரையையும் என்னாலும் எழுதியிருக்க முடியும். தோழி வளர்மதி திரும்பி வந்ததும் ஒன்றுவிடாமல் சொல்வாள், ஒருமுறை ஈரம் காயாத நத்தைக்கூடு ஒன்றைக்கூட எனக்காகப் பாவாடை முனையில் முடிந்து கொண்டுவந்தாள். ஆனால் நான் வீம்புக்காரி. "நான் ஆற்றங்கரைக்குப் போகவில்லை" என்று ஆரம்பித்து, வகுப்பறை ஜன்னல் கம்பியில் மண்கூடு கட்டிய குளவி எங்கிருந்தோ பச்சைப் புழுவைத் தூக்கிவந்து உள்ளே அடைத்து வாயை மெழுகி மூடியதை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். சைபர் கிடைத்தது. பக்கத்திலேயே சிவப்பு மையில், "கேள்வியைப் படி."

இதைச் சொன்னால் சிலர், பார்த்தீர்களா, இயற்கையே உங்களைத் தேடி வகுப்பறைக்கு வந்திருக்கிறதே என்று நெகிழ்ந்து போகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. குளவி கூடு கட்ட இடம் தேடி வந்தது, அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது ஆறு. அது பத்து நிமிட நடையில், எல்லாருக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நானும் அறிவியல் டீச்சர்தான், மன்னார்புரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். போன மாதம் எட்டாம் வகுப்பைக் காவிரிப் படித்துறைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தேன். பட்டியல் எழுதும்போது, சக்கர நாற்காலியில் வரும் நிவேதாவின் பெயர் வந்ததும் பேனா நின்றது. பஸ்ஸில் படி உயரம், படித்துறையில் கூட்டம், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று என்னென்னவோ யோசித்து, அந்தப் பெயரை விட்டுவிட்டேன். ஆமாம், நானேதான்.

கிளம்புகிற அன்று காலையில் போய்ப் பார்த்தால், யாரும் சொல்லாமலே அவள் மற்றவர்களுடைய பைகளை வாங்கி, டிபன் சாயாதபடி சுவரோரம் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். பழகின கை. எத்தனை வருஷமாகப் பழகினது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க பையை எடுத்துக்கோங்க. கிளாஸ்ல இன்னிக்கு யாரும் இருக்கப் போறதில்ல," என்றேன். தலைமையாசிரியை முகத்தைச் சுளித்தார். நிவேதாவின் அம்மாவுக்கு போன் போட்டுச் சம்மதம் வாங்கி, நாற்காலியை மடக்கி, இரண்டு பேர் பிடித்து அவளை ஏற்றிக் கிளம்ப முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. ஆகட்டும் என்று இருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த படித்துறையில் இருபது படிகள். ஓரத்தில் ஒரு சாய்தளம் கிடையாது. அதைக்கூட முன்னாலேயே போய்ப் பார்த்துவைக்காதவள் நான். கூட வந்த டிரில் மாஸ்டர் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்றார். பதின்மூன்று வயதுப் பெண், ஊர் பார்க்க மூட்டை மாதிரி போக மாட்டேன் என்றாள். நியாயம்தானே. என் காலுக்கும் அந்தப் படிகள் ஆகாது.

சொட்டு மருந்து வந்து இளம்பிள்ளைவாதம் ஒழிந்தது. இப்போது என் காலில் சத்தம் போடாத பிளாஸ்டிக் சட்டம்; பழைய இரும்புப் பூட்ஸ் சத்தத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. மற்றவர்கள் ஊற்றுத் தோண்டி விளையாடிய கொள்ளிடத்து மணலில் பாதி லாரி ஏறிப் போய்விட்டது. அது எப்படி இருக்கும் என்று கடைசிவரை நான் தொட்டுப் பார்க்கவே இல்லை.

ஆற்றில் செருப்புக் காலோடு இறங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளைகள், மேல்படியில் செருப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கினார்கள். நானும் நிவேதாவும் மேலேயே நின்றோம். கீழே யாரோ மீனைப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"நீங்க வேணா மெதுவா எறங்கிப் போங்க மிஸ். செருப்பெல்லாம் நான் பாத்துக்கறேன்."