கறிக்கடை வரிசையில் மெலெரி

மெலெரி கேமராவின் பேட்டரியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவாள். தெருவைக் கடப்பதற்குள் இன்னொரு முறை கழற்றுவாள். என் கடைக் கண்ணாடி வழியாக அந்த வருஷம் முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். வேல்ஸ் நாட்டு ஊரான அபர்வென்னலின் பெரிய தெருவில், கறிக்கடைக்கு நேர் எதிரே என் கடை. தலை நனைந்திருக்கும்போது மனிதர்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். யாருக்கு யாரைப் பிடிக்காது, யார் எதற்குப் பயப்படுகிறார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். மெலெரி மட்டும் எதுவும் சொன்னதில்லை.

கல்யாணம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, பாஸ்போர்ட் படம் என்று எடுத்துக்கொண்டிருந்தவளிடம் ஊர் மொழிக் குழு ஒரு வேலையைக் கொடுத்தது. ஒரு வருஷம் ஊரைப் படமெடுக்க வேண்டும். ஊரில் எங்கள் மொழியான வெல்ஷ் பேசப்படுவதையும் எடுக்க வேண்டும். மார்ச் முதல் தேதி, எங்கள் நாட்டுப் புனிதர் தாவீதின் நாளன்று, ஊர்த் தேவாலயமான சேப்பலின் பின்கூடத்தில் கண்காட்சி. குழுத் தலைவர் எம்ரிஸ், மருந்துக்கடைக்காரர், நல்ல மனுஷர், யாரையும் பேசவிடாமல் பேசுகிறவர். அவர் கேட்டு முடிப்பதற்குள் மெலெரி தலையாட்டிவிட்டாள். ஊரில் வேறு போட்டோக்காரர் யாரும் இல்லை என்பதால் யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை.

பேச்சை எப்படிப் படம் பிடிப்பது என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். ஆனால் அவள் பிடித்தாள். ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவரின் தாடை மட்டும் கலங்கி, மற்றதெல்லாம் கல்லாய் நிற்கும் ஒரு படம். பாடகர் குழு ஆண்கள் ஒத்திகைக்கு நடுவே சிகரெட்டோடு மழைக்கு ஒதுங்கி, ஒரே நேரத்தில் எல்லோரும் பேசும் ஒரு படம். எனக்குப் பிடித்தது சலவைக் கடையில் எடுத்தது. இரண்டு பெண்கள் வெல்ஷில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்நியர் ஒருவர் கதவைத் திறக்கிறார், அந்த நொடியில் இருவர் வாயும் இங்கிலீஷுக்கு மாறுகிறது. சத்தமே இல்லாத படத்தில் அந்த மாற்றம் தெரிந்தது. எத்தனை நாள் அந்த ஈரத்துணி வாடையில் அவள் காத்திருந்தாளோ.

அவளுடைய வேலையெல்லாம் காத்திருப்பதுதான். யாரிடமும் பேச மாட்டாள். கேட்டால் இங்கிலீஷில் சுருக்கமாகப் பதில் சொல்வாள். அதுதான் வினையாயிற்று.

கறிக்கடை கெயின்வென்னுடையது. அறுபதைத் தாண்டியவர். கணவர் பின்னால் வெட்டுவார், அம்மாள் முன்னால் நின்று ஊரை நடத்துவார். அவருடைய கடை வரிசையில் பேசப்படும் வெல்ஷைப் போல வேறெங்கும் கேட்க முடியாது. அதை எடுக்காமல் கண்காட்சி வைக்க முடியாது என்று மெலெரிக்கும் தெரியும். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் உள்ளே போய், உங்களைப் படமெடுக்கலாமா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

கெயின்வென் வெல்ஷில் பதில் சொன்னார். "நம்ம பேச்சுல கேளு, நிக்கிறேன்."

மெலெரி முகம் சிவந்து வெளியே வந்துவிட்டாள். மறுநாள் என் நாற்காலியில் உட்கார்ந்த கெயின்வென்னின் கோபம் ஆறுகிற மாதிரி இல்லை.

"சின்ன வயசுல அவ அம்மா வெல்ஷ்ல கேப்பா, இவ இங்கிலீஷ்ல பதில் சொல்லுவா. இதே கண்ணால பாத்திருக்கேன். அப்புறம் கார்டிஃப் போனா, இங்கிலீஷ்காரனைக் கட்டினா. ஒரு குட் மார்னிங்கூட நம்ம பேச்சுல சொல்ல வாய் வராத மகாராணி, எங்க வாயைப் படம் புடிச்சு எங்களுக்கே காட்டப் போறாளாம். நீயே சொல்லு நெஸ்டா, அடுக்குமா?"

நான் கத்தரியைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு என்ன கஷ்டமோ என்றேன். கஷ்டமா, கொழுப்பு என்றார்.

அந்தப் பேச்சு அதோடு நிற்கவில்லை. எம்ரிஸின் மருந்துக்கடைக்குப் போனது, அங்கிருந்து குழுவுக்குப் போனது. பாங்கர் நகரத்தில் ஒரு போட்டோக்காரர் இருக்கிறாராம், நன்றாக வெல்ஷ் பேசுவாராம், மீதிப் படங்களை அவரிடம் கொடுத்தால் என்ன என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று எம்ரிஸ் தள்ளிவைத்தார். மெலெரிக்கு விஷயம் அன்றே தெரிந்துவிட்டது.

அந்த வாரம் அவள் என் கடைக்கு வந்தாள், மூடுகிற நேரத்தில், கடைசி ஆளாக. கட்டைவிரல் ஓரத்துத் தோலை ரத்தம் வரும்வரை உரித்திருந்தாள். தலையைத் தொட்டியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, கூரையிடம் சொல்வதுபோல இங்கிலீஷில் சொன்னாள்.

"எனக்கு வெல்ஷ்ல திக்கும், நெஸ்டா. அதான் பேசறதில்ல."

நான் தண்ணீரை நிறுத்தினேன். நான் மோன் தீவிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய குழந்தைப் பருவம் எனக்குத் தெரியாது. எங்கள் மொழியில் திக்குவாய்க்கு 'சொல்லைத் தடுப்பது' என்றுதான் பெயர். அவள் திக்கி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கிலீஷ் அவளிடம் ஓடும்.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சேப்பலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரிசையாக முன்னே வந்து ஆளுக்கொரு பைபிள் வசனம் சொல்ல வேண்டும். எட்டு வயதில் அவளுக்குக் கிடைத்தது இருப்பதிலேயே சின்ன வசனம். முதல் எழுத்திலேயே வாய் பூட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகர் குனிந்து, மீதியை அவளுக்காகத் தானே சொல்லி முடித்தார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை. பிறகு டெலிவிஷன் பார்த்துக் கற்ற இங்கிலீஷுக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

"இங்கிலீஷ்ல நான் வேற ஆளு. அந்த ஆளை யாரும் சேப்பல்ல நிக்க வெச்சுச் சிரிக்கல. அதனால அவளுக்குத் திக்கறதில்ல," என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். எங்கள் மொழியில் சொற்களின் முதல் எழுத்து ஓரிடத்தில் நிற்காது. முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து ப என்பது ப-வின் மெல்லிய ஒலியாகும், ம ஆகும், சில சமயம் எழுத்தே காணாமல் போகும். எனக்கு அது மூச்சு விடுவதுபோல. அவளுக்கோ, ஒரு கதவுக்குத் தோள்கொடுத்துத் தள்ளத் தயாராகிறபோது அந்த இடத்தில் வேறொரு கதவு நிற்கும்.

கிரஹாம், அவள் கணவன், தானே எல்லோரிடமும் விளக்குவதாகச் சொல்லியிருக்கிறான். நானும் அதையே சொன்னேன். கெயின்வென்னிடம் பேசட்டுமா என்று கேட்டேன். அவள் ஈரத்தலையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாம். நீ சொன்னா அவங்க பாவம் பாத்து நிப்பாங்க. பாவம் பாக்கற மூஞ்சியை நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"கேக்கச் சொன்னாங்கல்ல," என்றாள். "கேக்கறேன்."

வெறுங்கடையில் போய்க் கேட்டால் போதாதா என்றேன். வெறுங்கடையில் கேட்டால் அடுத்த நாள் வரிசையில் மறுபடி பயம் வரும் என்றாள். வரிசையில் நீயும் நில், ஆனால் பக்கத்தில் நிற்காதே, என்னைப் பார்க்காதே என்று கேட்டுக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை மழை. கறிக்கடை வரிசை வாசலைத் தாண்டிக் குடைகளாக நின்றது. மெலெரிக்குப் பின்னால் இரண்டு பேர், பிறகு நான். முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அவளுடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மழைக்கோட்டின் தோள்கள் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கின. ஒருமுறை வரிசையிலிருந்து விலகுவதுபோல ஒரு காலை வெளியே வைத்தாள். குடையை உதறிவிட்டுத் திரும்ப நின்றுகொண்டாள்.

அவள் முறை வந்தது. கெயின்வென் அவளைப் பார்த்ததும் தயாராக இங்கிலீஷில், "என்ன வேணும்?" என்றார்.

கஞ்சிக்கு ஆட்டுக் கழுத்துக்கறி வேண்டும். எங்கள் வீடுகளில் குளிர்காலம் முழுக்க அடுப்பில் இருக்கும் கறிக்கஞ்சிதான். அதை வெல்ஷில் கேட்டால் முதலில் வருவது பவுண்டு என்ற எடைச் சொல். எங்கள் மொழியிலும் அது ப-வில்தான் தொடங்குகிறது. வேறு மாதிரி கேட்டிருக்கலாம். கழுத்துக்கறி என்று மட்டும் சொல்லி விரலைக் காட்டியிருக்கலாம். அவள் ப-வுக்கே போனாள்.

உதடுகள் மூடின. திறக்கவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. யோசிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பிறகு அவள் கழுத்து நரம்பு புடைத்தது, தலை லேசாகப் பின்னுக்கு இழுத்தது, ஒரு சின்னச் சத்தம் வந்து நின்றது. மறுபடி உதடுகள் மூடின. எனக்கு முன்னால் நின்றவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் தொங்கிய சாசேஜ்களை எண்ணுகிறவர்போல நின்றார். பின்னால் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது. வாசல் ஓரத்தில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் சிரிப்பாக மாறிவிடுமோ என்று பயந்தேன். மாறவில்லை.

கெயின்வென்னின் முகத்தில் கோபம் வந்து, பிறகு குழப்பம் வந்து, பிறகு எல்லாம் போனது. அவர் கவுண்டர்மேல் குனிந்து, தாழ்ந்த குரலில், வெல்ஷில், அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தார். "பவுண்டா, கண்ணு?"

மெலெரி தலையை இருபுறமும் ஆட்டினாள். ஒரு கையைக் கவுண்டரில் ஊன்றினாள்.

"நான்," என்றாள் வெல்ஷில். அது சுலபமாக வந்தது. "நான் சொ... சொல்றேன். நீங்க நி... நில்லுங்க."

மெலெரி இத்தனை வருஷமும் அவரிடம் இங்கிலீஷிலேயே பேசியவள். இங்கிலீஷில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. அந்த 'நீங்க' கடைக்குள் விழுந்ததும் கெயின்வென் நிமிர்ந்தார். தன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ப வந்தது. ஒன்றரை வந்தது. கழுத்து வந்தது, அதில் முதல் எழுத்து கரைந்துபோகும், அந்த இடத்தில் மறுபடி தடுக்கியது, பிறகு ஆட்டுக்கறியும் வந்து சேர்ந்தது. இறுதியில் தயவுசெய்து என்பதையும் விடாமல் சொன்னாள். அதுவே தனியாக ஒரு பாடு.

கெயின்வென் கறியை நிறுத்துத் தாளில் சுற்றினார்.

"கஞ்சிக்குப் போட வீட்ல லீக் வெங்காயம் இருக்கா உனக்கு?" என்று கேட்டார், வெல்ஷில்.

மெலெரி தலையாட்டினாள். பணத்தைக் கொடுத்துவிட்டு யாரையும் பார்க்காமல் மழைக்குள் போனாள். நான் சாசேஜ் வாங்காமலே பின்னால் ஓடினேன். என் கடையின் பின்னறையில் அவள் கறிப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் மாதிரி இல்லவே இல்லை. படமெடுக்கலாமா என்று கேட்க மறந்துவிட்டாள் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அவள் சிரித்துவிட்டு, உடனே அழுதாள்.

அடுத்த வாரம் கெயின்வென் முடி வெட்ட வந்தார், வழக்கத்துக்கு முன்னாலேயே.

"உனக்குத் தெரியுமா இது?"

"போன வாரம்தான் சொன்னா."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்ல வேண்டாம்னா."

கண்ணாடியில் தன் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். "நான் ஊரெல்லாம் பேசிட்டேன்," என்றார். பிறகு, "செவ்வாக்கிழமை மத்தியானம் கடையில ஈ காக்கா இருக்காது. கேமராவை எடுத்துட்டு வரச் சொல்லு. கேக்கவெல்லாம் வேண்டாம்னு சொல்லு," என்றார். அன்றே எம்ரிஸின் கடைக்குள்ளும் போனார். உள்ளே என்ன பேசினார் என்று தெரியாது. பாங்கர்க்காரர் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மெலெரி முக்காலித் தாங்கியில் கேமராவை நிறுத்தி, கம்பியால் இணைத்த பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு, கெயின்வென்னோடு பேசினாள். எதைப் பற்றி என்று கேட்டதற்கு, அன்றைக்கு நீ வாங்காமல் விட்ட சாசேஜைப் பற்றி என்றாள். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்ட நேரத்தில் பட்டனை அழுத்தினாள். கண்காட்சியில் மற்ற எல்லாப் படங்களிலும் வாய்கள் திறந்திருந்தன. இதில் கெயின்வென்னின் வாய் மூடியிருந்தது. கண்கள் மட்டும் எதிரில் இருப்பவரின் உதட்டில் நின்று, வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தன. அதில் பாவம் பார்த்தல் இருந்ததா என்று நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் பொறுமையின்மைதான் இருந்தது. மெலெரிக்கு அது போதுமானதாக இருந்தது.

கண்காட்சி நாளில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி எம்ரிஸ் கேட்டிருந்தார். அவள் காலையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து, முடியாது என்று சொல்லிவிட்டாள். எம்ரிஸ் வழக்கம்போல நீளமாகப் பேசினார். அவள் கதவோரம் நின்றாள். சிலர் அவளிடம் வெல்ஷில் பேசினார்கள், நின்று கேட்டார்கள். சிலர் அவள் தடுமாறியதும் அவசரமாக இங்கிலீஷுக்கு மாறினார்கள். ஒருவர் அவளுடைய வாக்கியத்தை முடித்தே கொடுத்தார். கெயின்வென் தன் படத்தின்முன் நின்று, "இவ்வளவு கிழவியாவா இருக்கேன், அவ சொல்லவே இல்லையே," என்றார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் மெலெரி அந்த வரிசையில் நிற்கிறாள். சில வாரம் சொல் சட்டென்று வந்துவிடுகிறது. சில வாரம் பின்னால் நிற்பவர்கள் கால் மாற்றி நிற்கும்வரை வருவதில்லை. சில வாரம் அவளால் முடிவதில்லை, கிரஹாம் வந்து இங்கிலீஷில் வாங்கிப் போகிறான். அன்றைக்கு கெயின்வென் தெருவின் எதிர்ப்பக்கம், என் கடைக் கண்ணாடியை, என்ன ஆச்சு என்பதுபோல ஒருமுறை பார்ப்பார். நான் தோளைக் குலுக்குவேன்.