சிவப்பு நகப்பூச்சுப் பூசிய ரவை

தொண்ணூறுகளின் நடுவில், மொன்றியலுக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள லொங்குய்யில் ஒரு வேட்டைச் சாமான் கடையின் பின்னறையில் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. நாலு நாடு சுற்றிய கால்கள். மொன்றியலில் அது எனக்கு ஐந்தாவது வேலை. துப்பாக்கிக் கழகத்துக்காரர் சுட்டுவிட்டுக் கொண்டுவரும் வெற்றுக் கோதுகளில் மருந்து நிரப்பி, நுனியில் ஈயச் சன்னம் பொருத்தி, மறுபடி சுடக்கூடிய ரவையாக்கிக் கொடுக்க வேண்டும். ஊரில் எதற்குப் பயந்து ஓடினேனோ அதையே இங்கே தட்டில் அடுக்கினேன். வாடகை அதில் வந்தது.

கடைக்காரி ஒரு மதாம். சுட்டுச் சுட்டுக் காது பாதி மந்தம். எனக்குப் பிரெஞ்சு பாதிதான். எங்கள் பேச்சு பெரும்பாலும் கையால் நடந்தது.

அதுவரை நான் செய்ததெல்லாம் தட்டைத் தலைச் சன்னம். ஒரு வியாழன் மாலை, சனிக்கிழமைப் போட்டிக்கு முந்நூறு உருண்டைத் தலை வேண்டும் என்றார். வெள்ளி மதியம் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் அன்றோடு சரி.

சன்னம் மாறினால் டையையும் மாற்றி வைக்க வேண்டும். டை என்பது, பிடியை இழுத்தால் அமுக்கும் கைப்பொறியான பிரெஸ்ஸின் தலையில் திருகும் எஃகுக் குழல். அதன் நடுவிலுள்ள ஆணிதான் சன்னத்தைக் கோதுக்குள் அமுக்கும். தட்டைத் தலை குட்டை. அதற்கு ஆணி நன்றாக இறங்கியிருக்கும். அதே நிலையில் நீளமான உருண்டைத் தலையை வைத்தால் அளவுக்கு மீறி உள்ளே போய்விடும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். துப்பாக்கி சுடுபவனின் கையிலேயே வெடிக்கலாம். அதனால் ஒவ்வொரு சன்னத்துக்கும் மருந்தில்லாத ஒரு மாதிரி ரவை வைத்திருப்பார். அதைப் பிரெஸ்ஸில் ஏற்றி, ஆணி அதில் தொடும்வரை திருகினால் போதும். உயிருள்ள ரவைகளோடு கலந்துவிடாதிருக்க அதன் மூக்கில் தன் சிவப்பு நகப்பூச்சைப் பூசியிருந்தார். அன்று மாலை உருண்டைத் தலையின் மாதிரியை எடுத்துத் தந்தார். கலந்துவிடக் கூடாதென்று நான் அதைக் கோட்டுப் பையில் போட்டேன். போட்டதை மறந்து வீட்டுக்கும் போய்விட்டேன்.

மொன்றியலின் லாசால் பகுதியில் என்னோடு அறை பகிர்ந்தவர் மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளி காலை கோட்டைத் தடவினேன். பை வெறுமை.

"அண்ணை, பைக்குள்ள ஒரு சாமான் இருந்தது."

"இருந்தது. பஸ் டிக்கெற் தேடேக்க கண்டனான். இப்ப ஆத்துக்குள்ள கிடக்கு."

"ஆத்துக்குள்ளையோ?"

"ஓம். ராவே போய் எறிஞ்சிட்டன். கையும் கழுவிப்போட்டன்."

"அது வெறும் மாதிரியண்ணை. மருந்தில்லை, வெடிக்காது."

"ஆமிச் சென்றியில நிண்டு அப்பிடிச் சொல்லிப் பார், விடுறாங்களோ எண்டு."

"நகப்பூச்சுப் பூசியிருந்ததே, காணேல்லையோ?"

"அதைக் கண்டுதானடா ஓடினனான்! சிவப்பு மூக்கு வைச்சது என்ன சாதி வெடியோ எண்டு. எனக்கு வாற மாதம் அகதி விசாரணை. நீ என்னெண்டால் பைக்குள்ள ரவையோட திரியிறாய்."

கோபிக்க முடியவில்லை. ஒரு வெற்றுக் கோதுக்காக ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

மஞ்சள் கோட்டு மெற்றோவில் ஆற்றுக்கு அடியால் போகும்போது முடிவெடுத்தேன். குத்துமதிப்பாகத் திருகமாட்டேன். மாதிரியை நானே செய்வேன்.

ஆணியை முழுக்க மேலே ஏற்றினேன். டையின் உடல் கோதின் வாயை நெரிக்காத உயரத்தில் பூட்டினேன். மருந்தில்லாத கோதில் சன்னத்தை வைத்துப் பிடியை இழுத்தேன். ஆணியைக் கால் சுற்று இறக்கி மறுபடி இழுத்தேன். சன்னத்தின் இடுப்பில் ஒரு பள்ளக் கோடு உண்டு. கோதின் வாய் அதில் வந்து நிற்க வேண்டும். முதல் சன்னம் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது. இரண்டாவதும் போனது. அவசரத்தில் அரைச் சுற்றுத் திருகியிருந்தேன். பிறகு நகத்தளவு நகத்தளவாகத் திருகினேன்.

ரவையின் மொத்த நீளம் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தது, அங்குலத் தசமத்தில். தசமம் படிப்பித்த வருடம் நான் வகுப்பறையில் இருந்ததைவிடப் பங்கருக்குள் இருந்த நாட்கள் அதிகம். பரவாயில்லை. அளவுகோலில் அதே இலக்கங்கள் அதே வரிசையில் வந்தால் போதும். ஏழாவது கோதில் வந்தன. நம்பாமல் மூன்று தரம் அளந்தேன். மேசை லாச்சியை இழுத்து, அதிலிருந்த மதாமின் நகப்பூச்சை எடுத்து மூக்கில் பூசினேன்.

மதியம் மதாம் வந்தபோது இருநூற்றுப் பத்து முடிந்திருந்தது. என் விரலிலிருந்த சிவப்பைப் பார்த்தார்.

"பழையது எங்கே?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. சொல்லவில்லை. "ஆற்றில்," என்றேன். "கூட இருப்பவர் பயந்துவிட்டார்."

காது கேட்கவில்லையோ என்று கையால் எறிந்தும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தட்டின் நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்து அளந்தார். பிறகு என் மாதிரியை அளந்தார். அளவுகோலை வைத்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார்.

"இன்னொன்று செய். அது பூட்டிய லாச்சிக்கு." கதவருகே திரும்பி, "திங்கட்கிழமை எட்டு மணிக்கு," என்றார்.

மீதித் தொண்ணூறையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அண்ணை வாசலிலேயே நின்றார்.

"பையைக் காட்டு."

கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். அவருடைய விசாரணை முடியும்வரை ஒவ்வொரு மாலையும் அப்படியே காட்டினேன்.