வலிக்குதா என்று கேட்கிற வேலை

புது ஒப்பரேஷன் ஒன்று நல்லதா, ஆபத்தா என்று கண்டுபிடிக்கிற வேலை என்றதும் கத்தி, கையுறை என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். என் ஆயுதம் ஒரு டெலிபோனும் ஒரு கட்டுப் படிவமும்தான். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்குப் புது மாதிரியாக வலை வைத்துத் தைக்கிறார்கள். "பயப்படாதீங்க" என்று சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்குவது நான். பிறகு ஒரு வருஷம் துரத்தித் துரத்தி நலம் விசாரிப்பதும் நான். தையல் விட்டுப்போனால் டொக்டர் பதில் சொல்வார், சரி. என் "பயப்படாதீங்க"வுக்கு யார் பதில் சொல்வது? போனில் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

பத்துக்கு எத்தனை?

வலியைப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்வோம். அம்பிட்டியவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா எப்போதும் பூச்சியம்தான். எனக்கு ஒரே சந்தோஷம். ஒருநாள் பார்க்கிறேன், கிளினிக் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார். உள்ளே டொக்டர் கேட்டால் மறுபடியும் பூச்சியம். வெளியே கூட்டிவந்து, ஏன் இப்படி என்று கோபமாகவே கேட்டேன்.

"அவ்வளவு தங்கமான மனுசன். அவரு வெட்டின எடம் வலிக்குதுன்னு அவரு மொகத்துக்கு நேரா எப்படிம்மா சொல்றது?"

டொக்டரே வெளியே

அக்காவுக்கு மருந்து கொடுத்து வலி தணிந்தது. அன்றோடு, கேள்வி கேட்கும்போது வெட்டின டொக்டர் அறையில் இருக்கக்கூடாது என்று வைத்தோம். பரிசோதிக்கவும் வெளியிலிருந்து வேறொரு டொக்டர். படிவங்கள் தாதி பரீதா மிஸ்ஸின் அலுமாரியில், பூட்டுக்குள். நம்ம டொக்டருக்குப் பொறுமை ஏது? தேத்தண்ணீர் குடிக்கிற சாக்கில் அலுமாரியையே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் வாய்விட்டே கேட்டார், "ஒரே ஒரு படிவம் பார்க்கட்டுமா மிஸ்?" பரீதா மிஸ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சோதனை எழுதினவரே பேப்பர் திருத்த ஏலாது, சேர்."

கலகெதர நானா

கலகெதரவில் மிளகு வியாபாரம் செய்யும் நஸீர் நானா, வருஷக் கடைசிப் பரிசோதனைக்கு வரவில்லை. நான் போன் பண்ணினால் கட் பண்ணுகிறார். ஒருநாள் அவர் மனைவி எடுத்து, "அவருக்கு வயித்துல திரும்ப ஒப்பரேஷன் செஞ்சு, இப்பதான் வீட்டுக்கு வந்தாரு" என்றார். நம்ம தையல்தான் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். ஒப்பரேஷனுக்கு யோசித்துக்கொண்டிருந்த மனுஷனிடம் "பயப்படாதீங்க" என்றவள் நானல்லவா!

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். நானா கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு ஆஸ்பத்திரி கார்டை நீட்டினார். அப்பண்டிக்ஸ்! நம்ம ஒப்பரேஷனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடம்பு தேறியதும் கிளினிக்குக்கு வந்தார். வெளி டொக்டர் நிற்கவைத்து, இருமச் சொல்லி, அழுத்திப் பார்த்தார். பழைய தையல் அசையவே இல்லை. பிறகு ஏன் எனக்கு ஒளித்துத் திரிந்தீர்கள் என்று கேட்டேன். குடலிறக்க ஒப்பரேஷன் முடிந்தபோது, ஒன்றரை மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தோம்.

"பத்தாம் நாளே மிளகு மூட்டை தூக்கிட்டேன் தங்கச்சி, அத மட்டும் எழுதிராதீங்க, டொக்டருக்கு மனசு நோகும்."

எழுதத்தான் எழுதினேன், ஏனென்றால் அந்தத் தையல் எவ்வளவு தாங்கும் என்று எங்கள் ஒரு வருஷக் கேள்விகளைவிட நானாவின் மூட்டைதான் உருப்படியாகப் பதில் சொல்லியிருந்தது.